ரஷ்யா என்றால் தேநீர் வரும்

அவருடைய கடைக்கு வருகிறவர்கள் முக்காலியில் உட்காரும் முன்பே, “அண்ணே, எனக்கு டீ வேண்டாம்” என்று சொல்லிவிடுவார்கள். சிலர் வாசலிலேயே சொன்னார்கள். ஒருவர் எதிர்த் தேநீர்க் கடைக்கே போய், “அவர் எனக்குன்னு டீ சொன்னா போடாதீங்க” என்று கேட்டுக்கொண்டு வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

கடை என்று சொல்வது மரியாதைக்காக. தேக்காவில், கெர்பாவ் ரோட்டில், ஒரு தையற்கடையின் மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை. மூன்றடி அகலம், ஐந்தடி நீளம். மேலே பதினான்கு படிகள். எட்டாவது படிக்குக் கீழே எல்லோருக்கும் தலை இடிக்கும். எனக்கு மட்டும் பத்தொன்பது முறை இடித்திருக்கிறது. பழைய கேமராக்களைப் பழுது பார்ப்பது அவருடைய தொழில். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது வேறு வேலை. பழைய ஜெர்மன் கேமரா என்று யாராவது கொண்டுவந்தால், அது அசலா போலியா என்று பார்த்துச் சொல்வார்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கைக்கு அடக்கமான கேமரா அது. சிறிய ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிரே நிற்பவர் இரண்டு நிழலாகத் தெரிவார். லென்ஸைத் திருகி இரண்டு நிழலையும் ஒன்றாகச் சேர்த்தால் படம் தெளிவாக விழும். முதலில் செய்தவர்கள் ஜெர்மானியர். அதைப் பார்த்து ரஷ்யர்களும் செய்தார்கள். அதில் குற்றமில்லை. ஆனால் எழுபதுகளில் பழைய ஜெர்மன் கேமராவைச் சேர்ப்பதற்கென்றே வெளிநாட்டவர்கள் வரத் தொடங்கினார்கள். உடனே யாரோ சில புண்ணியவான்கள் ரஷ்யக் கேமராவின் மேலிருந்த பெயரைத் தேய்த்துவிட்டு ஜெர்மன் பெயரை வெட்டி விற்க ஆரம்பித்தார்கள். அப்படிப்பட்டவை கப்பலில் வந்தன, சுங்கை ரோட்டுத் திருட்டுச் சந்தையில் பாயில் பரப்பப்பட்டன, அங்கிருந்து பத்து நிமிட நடையில் இவருடைய மேசைக்கு வந்து சேர்ந்தன.

நான் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிளார்க்காக இருந்தேன். காலை வேலை முடிந்து நாலு மணிக்கு அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போவேன். போகிற வழியில் உட்கார ஆரம்பித்தது பதினோரு வருடம் நீண்டுவிட்டது.

தீர்ப்பு ஒரே சொல்தான். கேமராவை வாங்குவார், ஊதுவார், லென்ஸைக் கழற்றுவார், பார்ப்பார். “ஜெர்மனி” என்பார், அல்லது “ரஷ்யா” என்பார். விளக்கம் கிடையாது. ரஷ்யா என்று சொன்ன கையோடு எதிர்க் கடையைப் பார்த்து ஒரு விரலைத் தூக்குவார். தேநீர் வந்துவிடும். அவருடைய செலவு. “நொந்து போன மனுஷன் வெறும் வயித்தோட போகக் கூடாதுல்ல” என்பார். ஜெர்மனிக்காரர்களுக்குத் தேநீர் இல்லை. அவர்கள் எப்படியும் சந்தோஷமாகத்தான் போவார்கள்.

நான் எண்ணிய வரையில் முந்நூற்றுப் பன்னிரண்டு தேநீர்.

ஒரு முறை ரஷ்ய மாலுமி ஒருவனே வந்துவிட்டான். நல்ல உயரம். எட்டாவது படி என்ன, பத்தாவது படியிலேயே இடித்துக்கொண்டான். அவன் கொண்டுவந்த கேமராவின் தலையில் ஜெர்மன் பெயர் வெட்டியிருந்தது. இவர் பார்த்தார். “ரஷ்யா” என்றார். மாலுமியின் முகம் மலர்ந்துபோயிற்று. “ரஷ்யா! ரஷ்யா!” என்று தன் மார்பில் தட்டிக்கொண்டு, மேசையைத் தாண்டி இவரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். தன் ஊரைப் பற்றி அக்கறையாக விசாரித்த முதல் ஆள் என்று நினைத்திருக்க வேண்டும். தேநீர் வந்தது. குடித்துவிட்டு இன்னொன்று கேட்டான். போகும்போது ஒரு தகர டப்பா மீனை மேசையில் வைத்துவிட்டுப் போனான். அவர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது அசல்” என்றார்.

இன்னொரு சமயம் சுங்கை ரோட்டு வியாபாரி ஒருவர் தங்க நிறத்தில், பாம்புத் தோல் ஒட்டிய கேமரா ஒன்றைக் கொண்டுவந்தார். ஜெர்மன் விமானப் படைக்காகச் செய்தது, உலகத்திலேயே நாலுதான் உண்டு என்றார். அந்த மாதத்தில் மட்டும் அப்படி ஆறு வந்திருந்ததை நான் எண்ணி வைத்திருந்தேன், ஆனால் வாயைத் திறக்கவில்லை. மேலே ஒரு கழுகு வெட்டியிருந்தது. இவர் லென்ஸைக்கூடக் கழற்றவில்லை.

“இது கழுகா?”

“கழுகுதாண்ணே. பாருங்க, றெக்கை.”

“தேக்கா மார்க்கெட்ல உரிச்சுத் தொங்கவிட்ட கோழி மாதிரி இருக்கு” என்று சொல்லி விரலைத் தூக்கினார். அவர் ஒரு தீர்ப்புக்கு இத்தனை சொற்களைச் செலவழித்தது அபூர்வம்.

ரஷ்யக் கேமராமேல் அவருக்கு வெறுப்பு இல்லை. அவரே ஒன்று வைத்திருந்தார். “அது பாவம், நல்ல கேமரா. சொந்தப் பேர்ல இருந்திருந்தா மரியாதையா இருந்திருக்கும்” என்பார். பெயரை மாற்றிக்கொண்டு வருவதுதான் அவருக்குப் பொறுக்காது. அந்தப் பொறுக்காமை கேமராவோடு நிற்கவில்லை. தையற்கடைப் பையன் விடுப்புக் கேட்டு இருமினால், படிக்கட்டுக்கு அடியிலிருந்து “ரஷ்யா” என்று குரல் வரும். கறிக்கடையில், நகைக்கடையில், கல்யாணப் பந்தியில் வைக்கும் நெய்யில், எங்கும் வரும்.

அவர் கத்தோலிக்கர். ஞாயிறுதோறும் தமிழ்ப் பூசைக்குப் போவார். அங்கே ஒரு குடும்பம் மாதாவுக்குப் புதுக் கிரீடம் காணிக்கை கொடுத்தது. தங்கம் என்று பீடத்திலிருந்து அறிவித்தார்கள். பூசை முடிந்ததும் ஃபாதர் இவரைத் தேடிக்கொண்டு வந்தாராம்.

“நீங்க அந்தப் பக்கம் பார்க்காம இருந்தா நல்லா இருக்கும்.”

“நான் பார்க்கல ஃபாதர்.”

“பார்த்துட்டீங்க. காணிக்கை எடுக்கும்போது உங்க வாய் அசைஞ்சுது.”

அதன் பிறகு மூன்று மாதம் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து பூசை கண்டார்.

இந்த இடத்தில் என் மனக்குறை ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் அங்கே உட்கார ஆரம்பித்த புதிதில், ஒரு கேமராவுக்கு அவர் ஒன்பது சோதனைகள் செய்வார். பெயர் வெட்டிய ஆழத்தை நகத்தால் தடவுவார். ஜன்னலைச் சுற்றியுள்ள விளிம்பைப் பார்ப்பார். திருகுகளின் தலையைப் பார்ப்பார். அடித்தட்டைக் கழற்றுவார். லென்ஸைக் கழற்றி, அது இருந்த வாய்க்குள் மேற்புறம் இருக்கும் சின்னக் கையைப் பார்ப்பார். லென்ஸ் எவ்வளவு திருகப்பட்டது என்பதை ஜன்னலுக்குச் சொல்லும் கை அது. ஜெர்மன் கேமராவில் அதன் நுனியில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். ரஷ்யக் கேமராவில் கரண்டி மாதிரி தட்டையாக இருக்கும். இப்படி ஒன்பது. சில வருடங்களில் அது ஆறாயிற்று. பிறகு மூன்று. கடைசியில் அந்தக் கை மட்டும்தான். சக்கரமா, கரண்டியா? நாலு விநாடி. துறைமுகத்தில் நான் அப்படி எண்ணியிருந்தால் பாதிச் சரக்கு கடலில்தான் இருந்திருக்கும். இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். “மத்த எட்டும் சும்மா கண்ணுக்கு” என்றார்.

எண்பதுகளின் நடுவில் என் அக்கா மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அக்கா கிளமெண்டியில் பதினோராவது மாடியில் இருந்தார். பெண் வீடு ஃபேரர் பார்க். பெண்ணின் அப்பா கப்பல் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நிச்சயதார்த்தத்தில் அவர் எழுந்து நின்று, “மாப்பிள்ளைக்கு என் கையால ஒண்ணு குடுக்கிறேன். அசல் ஜெர்மன் கேமரா. என்கூட வேலை செஞ்ச ஜெர்மன் இன்ஜினியர் ஊருக்குப் போறப்ப எனக்குக் குடுத்துட்டுப் போனது” என்று நாற்பத்தாறு பேர் முன்னிலையில் அறிவித்துக் கொடுத்தார். யாரும் அதைக் கேட்கவில்லை. அதுதான் அக்காவுக்கு உறுத்திற்று.

“எனக்குக் கேமரா எதுக்குடா? அவர் வாய் சுத்தமான்னு தெரியணும்” என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். “கேமராவுல பொய் சொல்றவர் ஜாதகத்துல சொல்லமாட்டாரா? உனக்குத்தான் ஒரு ஆளைத் தெரியுமே.”

நான்தான் அழைத்துப் போனேன். அந்தக் குற்றம் என்னுடையது. முக்காலியில் அக்கா உட்கார்ந்து கேமராவை அவரிடம் நீட்டினார். அவர் ஊதினார், லென்ஸைக் கழற்றினார், உள்ளே பார்த்தார். நாலு விநாடி.

“ரஷ்யா.”

எனக்குப் புரிந்துவிட்டது. அக்காவுக்குப் புரியவில்லை. தேநீர் வந்தது. “பரவாயில்லையே, உபசாரமெல்லாம் பண்றாங்களே” என்று மகிழ்ச்சியாக வாங்கி, ஆற்றி, முழுவதும் குடித்தார். பேருந்தில் ஏழாவது நிறுத்தம் வந்தபோதுதான் எனக்கு அந்தக் கரண்டி விவரத்தைச் சொல்லத் தைரியம் வந்தது. எட்டாவது நிறுத்தத்தில் அக்கா அழ ஆரம்பித்தார். அன்று மாலையே சம்பந்திக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார், கல்யாணத்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று. பத்திரிகை கொடுத்து முடித்தாயிற்று. முகூர்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

மறுநாள் நாலு மணி பத்து நிமிடத்துக்குச் சம்பந்தி குடையோடு கடைக்குள் நுழைந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி அவரிடம் போனார்.

“இங்க யாரு ரஷ்யான்னு சொன்னது?”

“நான்தான்.”

“என்னைத் தெரியுதா?”

“தெரியல.”

“ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி இதே முக்காலியில உக்காந்து, அதே கேமராவை உங்ககிட்டதான் ரிப்பேருக்குக் குடுத்தேன். அப்ப ஜெர்மனின்னீங்க. டீகூட வரல!” குடையால் தரையைத் தட்டினார். “ரிப்பேர் ஆகி வந்ததும் என் மகளுக்குன்னு வேட்டியில சுத்தி பீரோவுல வச்சேன். ஒரு படம் எடுக்கல. நடுவுல ஜெர்மனி எப்படிங்க ரஷ்யா ஆகும்? ஒண்ணு நீங்க மாத்தியிருக்கணும், இல்ல என் பீரோ மாத்தியிருக்கணும்.”

அவர் குனிந்தார். மேசைக்குக் கீழே பிஸ்கட் டின்கள் இருந்தன, பதினொன்று. பழுது பார்க்கும்போது கழற்றிய உடைந்த சாமான்களை வாடிக்கையாளர் பெயரெழுதிய காகிதத்தில் மடித்து அவற்றில் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றாகக் கிளறினார். ஏழாவது டின்னில் ஒரு பொட்டலத்தைப் பிரித்ததும் அவர் கை நின்றது. உள்ளே இருந்தது ஓர் உடைந்த சின்னக் கை. நுனியில் குட்டிச் சக்கரம்.

சம்பந்திக்கு அது என்னவென்று தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரிந்தது. மடித்து மறுபடி டின்னுக்குள் போட்டிருந்தால் யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது, ஒரு கல்யாணத்தைத் தவிர. பதினோரு வருடத்தில் அவர் ஒரு தீர்ப்பையும் திரும்பப் பெற்றதில்லை. அந்த ஊரில் கேமரா வாங்குகிற ஒவ்வொருவரும் அந்த ஒரு சொல்லை நம்பித்தான் வந்தார்கள்.

பொட்டலத்தைச் சம்பந்தியின் உள்ளங்கையில் வைத்தார்.

“இது உங்க கேமராவோடது. ஒடஞ்சிருந்துச்சு. அப்ப ஜெர்மன் சாமான் கிடைக்கல. ரஷ்யக் கேமராவுலேர்ந்து ஒண்ணைக் கழட்டி, அரம் போட்டுத் தேச்சு, நான்தான் மாட்டினேன். சாமான் வந்ததும் மாத்தித் தரேன்னு சொன்னேன். நீங்க வரல.”

“நான் மறந்துட்டேன்” என்றார் சம்பந்தி.

“நானும் மறந்துட்டேன்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நேத்து எத்தன சோதன பண்ணேன்?”

“ஒண்ணு.”

“எட்டு பாக்கி” என்றார். அதற்குப் பிறகு அன்று அவர் எந்தக் கேமராவையும் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையும் கருவிப் பையுமாகக் கிளமெண்டிக்கு வந்தார். மின்தூக்கி பழுது. பதினோரு மாடியும் ஏறினோம். நூற்று எழுபத்தாறு படி. சம்பந்தி முன்பே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். என் மருமகன் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். எனக்கு மூச்சு வாங்கியதை யாரும் கவனிக்கவில்லை.

“அம்மா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. இது ஜெர்மனி” என்றார் அவர்.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “அன்னிக்கு ரஷ்யா. இன்னிக்கு ஜெர்மனி. நாளைக்கு?”

“நாளைக்கும் ஜெர்மனிதாம்மா.”

“சம்பந்தி வந்து பேசினாராக்கும்?”

“வந்து திட்டினார்.”

“அப்போ அந்தக் கரண்டி?”

“கரண்டி நான் போட்டது.”

அக்கா நம்பவில்லை. நம்பும்படி எதுவும் இல்லைதான். அவரோ சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்தார். கருவிப் பையைத் திறந்தார். கேமராவைக் கழற்ற ஆரம்பித்தார். திருகு ஒவ்வொன்றையும் என் கையில் கொடுத்தார், நான் எண்ணி வரிசையாக வைத்தேன். பதினேழு. மேலுறையைக் கழற்றி அதன் உட்புறத்தை அக்காவிடம் காட்டினார். ஊசியால் கீறிய ஒரு சின்னச் சிலுவையும், பக்கத்தில் பழுது பார்த்த வருடமும் இருந்தன. பழுது பார்க்கிறவர்கள் அப்படி அடையாளம் வைப்பது வழக்கம்.

“இது யாரு வேணா கீறலாமே” என்றார் அக்கா.

அப்போதுதான் அவர் வாழ்க்கையில் செய்யாத ஒன்றைச் செய்தார். விளக்கினார். ஒன்பது சோதனைகளையும் ஒவ்வொன்றாக, பூதக்கண்ணாடியை அக்கா கையில் கொடுத்து, “இங்க தடவிப் பாருங்க, இந்த எழுத்து பள்ளமா இருக்கா? போலின்னா வழுவழுன்னு இருக்கும்” என்று முதல் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். ஒரு மணி பத்து நிமிடம். எட்டில் ஜெர்மனி ஜெயித்தது. ஒன்பதாவதான கரண்டியைக் காட்டி, “இது ஒண்ணுதான் தப்பு. இது மட்டும் என்னோடது. அவர் சொன்ன ஒரு வார்த்தைகூடப் பொய் இல்ல” என்றார். சொல்லிவிட்டுச் சம்பந்தியைப் பார்த்துக் கைகூப்பினார்.

அக்கா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

“தன் வாயாலேயே தன் மானத்தை வாங்கிக்க ஒருத்தர் பதினோரு மாடி ஏறி வரமாட்டார்லா” என்றார் கடைசியில். பிறகு சம்பந்தியிடம் திரும்பி, “சாப்டுட்டுத்தான் போகணும்” என்றார். சம்பந்தி அப்போதுதான் நாற்காலியில் முழுதாக உட்கார்ந்தார்.

கைகூப்பி நின்றவர் முகமும் தெளிந்துவிட்டது. பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். “நேத்துதான் கிடைச்சுது. சக்கரம் வச்ச அசல் ஜெர்மன் கை. அஞ்சு நிமிஷத்துல மாத்திடறேன்.”

“தொடாதீங்க” என்றார் அக்கா.

“அம்மா, இது கரண்டியோட இருந்தா கணக்கு ஒத்துவராது. கிட்டத்துல எடுக்கிற படத்துல ரெண்டடி பிசகும். ஜன்னல்ல பொண்ணு தெரியும், படத்துல பின்னால நிக்கிற ஆள்தான் தெளிவா விழுவான்.”

“ஒரு தடவ நீங்க தொட்டுத்தான் என் பையன் கல்யாணம் அந்தரத்துல தொங்குச்சு. மறுபடி மாத்தினீங்கன்னா, நாளைக்கு இன்னொருத்தர் பார்த்து ஜப்பான்னுவார். இருக்கிறபடியே மூடுங்க. கல்யாணத்துக்கு ஸ்டூடியோக்காரர் வர்றார். இது அலமாரிக்குத்தான்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் திருகுகளைப் பார்த்தேன். பதினேழும் திரும்பப் போயின.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. ஆனால் அலமாரிக்குத்தான் என்பது சம்பந்திக்குச் சம்மதமில்லை. மாப்பிள்ளையின் நண்பன் ஒருவனைப் பிடித்து, அந்தக் கேமராவில் ஒரு சுருள் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார். ஸ்டூடியோக்காரர் ஒரு பக்கம், அந்தப் பையன் ஒரு பக்கம். கோயில் மண்டபத்தில் எனக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த கெர்பாவ் ரோட்டுக்காரர், பையன் கேமராவைத் தூக்கியதைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டார். பிறகு பந்தியில்தான் அவரைப் பார்த்தேன். எங்கே போனார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

சுருளைக் கழுவி வந்தபோது தெரிந்தது. முப்பத்தாறு படம். எல்லாவற்றிலும் பெண்ணும் மாப்பிள்ளையும் சாம்பிராணிப் புகை மாதிரி இருந்தார்கள். அவர்களுக்கு இரண்டடி பின்னால் அவர் நின்றார். சட்டைப் பொத்தான்கூடத் தெளிவாக. மாலை மாற்றுகிற படத்தில் உள்ளங்கையைக் காட்டி, பின்னால் போ என்று பையனுக்குச் சைகை செய்துகொண்டிருந்தார். தாலி கட்டுகிற படத்தில் இரண்டு கையாலும். அம்மி மிதிக்கிறதில் வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தார். மொத்தம் இருபத்து நாலு படத்தில் இருந்தார். மீதிப் பன்னிரண்டில் ஒரு தவில்காரர்.

அக்கா என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை. நான் படங்களை எடுத்துக்கொண்டு பயந்துகொண்டேதான் கெர்பாவ் ரோட்டுக்குப் போனேன். அவர் விளக்கைப் போட்டு, பூதக்கண்ணாடியை எடுத்து, இருபத்து நாலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசிப் படத்துக்கு வந்தபோது அவர் முகத்தில் சம்பந்தி குடையோடு வருவதற்கு முன்பு இருந்த பழைய தெளிவு முழுதாகத் திரும்பி வந்துவிட்டது.

“ரெண்டடின்னு சொன்னேனா இல்லையா?” என்றார். “அளந்து பாருங்க.”